மூன்று மாதம் வெயில் படாமல்

சென்னை
26-2-1962

அன்புத் தங்கை லூர்துராணிக்கு,

ரயிலை விட்டு இறங்கியதும் கடிதம் போடுவேன் என்றவள் ஐந்து நாள் கழித்துப் போடுகிறாய். போகட்டும்.

நான் நர்ஸாக இருக்கும் தோல் வார்டின் டாக்டர் உன் முகத்தில் பூசிய ஆசிட் மருந்து, அம்மைத் தழும்போடு மேல்தோலை உரித்துவிடும். கருகினாற்போல் தெரியும், பயப்படாதே. நகத்தால் பிய்க்காதே. அம்மாவை மஞ்சள் பூச விடாதே. மூன்று மாதம் முகத்தில் வெயில் படக்கூடாது, பட்டால் கறுத்துப்போகும்.

ஈஸ்டர் முடிந்ததும் காட்டூர் தைரியராஜ் பெண் பார்க்க வருகிறார். ஸ்டூடியோவில் தழும்பை அழித்த போட்டோவைத்தான் அவருக்கு அனுப்பியிருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

உன் அக்கா
பேட்ரிசியா

பாலக்கரை
14-3-1962

அன்புள்ள அக்காவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் சுகம். வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்துவிட்டது. உள்ளே ரோஸ் நிறம்! குழிகளும் பாதி மேடேறிவிட்டன. கண்ணாடியை விட்டு நகர மனமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் குடையோடு போகிறேன். "மகாராணி வர்றாங்க" என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்கிறார்கள்.

ஒன்று சொன்னால் திட்டுவாய். முகம் தேறினால் பெரிய வெள்ளியன்று தெருவில் சிலுவைப்பாதை நடப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தேன்.

லூர்து

சென்னை
18-3-1962

லூர்துவுக்கு,

திட்டத்தான் செய்வேன். மத்தியான வெயில், அதுவும் ஏப்ரலில்! கோவிலுக்குள்ளேயே நடந்து முடி. மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேட்ரிசியா

பாலக்கரை
27-4-1962

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டதை வாங்கிக்கொண்டு மாதாவை ஏமாற்ற மனம் வரவில்லை. தெருவில்தான் நடந்தேன். சிலுவைக்குப் பின்னால் போகிறவள் குடையா பிடிப்பாள்? இரண்டே நாளில் கன்னமெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள். "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சுங்களே" என்றார் அவருடைய அம்மா.

"அது ஸ்டூடியோவுல அழிச்சதுங்க. எனக்கு அம்மைத் தழும்பு இருக்கு. இந்தக் கறுப்பு, மருந்து போட்ட முகத்துல வெயில் பட்டதுங்க" என்றேன். நம் அம்மா என் கையைக் கிள்ளினாள்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை அக்கா. "கறுப்பு மறையட்டுங்க. அப்புறம் கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாம்" என்றார். எல்லாருக்கும் சந்தோஷம்.

"மறையலன்னா?" என்று கேட்டேன்.

அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வேண்டாங்க" என்றேன்.

அவர்கள் போனபிறகு அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். அம்மா இன்னும் பேசவில்லை. நீ மறுபடி மருந்து பூச டாக்டரிடம் நாள் கேட்காதே. இன்று குடையில்லாமல்தான் பள்ளிக்குப் போனேன்.

போட்டோவைத் திருப்பி வாங்கிவிட்டேன். இத்துடன் இருக்கிறது, நீயே வைத்துக்கொள். உனக்கு என்னைவிட அவளைத்தான் பிடித்திருந்தது.

லூர்துராணி