முந்திரி எண்ணெயில் ஒரு பிளக்கு

4 மார்ச் 1962
இன்றும் இளகிவிட்டது. முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயைப் பார்மலினோடு காய்ச்சி, மரத்தூள் சேர்த்து அச்சில் அழுத்திய பிளக்கு. இஸ்திரிப் பெட்டி சூடேறினால் ஏன் தாங்கவில்லை? கையெல்லாம் கொப்புளம். எங்கள் மின்சாமான் கடைக்கு பேக்லைட் பிளக்கு வருவது நின்றதும், “கெமிஸ்ட்ரி படிச்சவதானே, ஏதாச்சும் பண்ணு ஜஹனாரா” என்றார் யாகூப் அண்ணன். இப்போது, மலையில் சீசன் நெருங்கிவிட்டது என்று விரட்டுகிறார்.

12 மார்ச்
பேக்கரி ஆரோக்கியதாஸின் சூளையில் வேகவைத்தேன். கல் மாதிரி நிற்கிறது! மத்தியானம் முழுக்க ஹீட்டர் எரிந்தும் இளகவில்லை. அவருக்குத்தான் கோபம். “பன்னெல்லாம் ஒங்க எண்ணெ வாடைம்மா. ஓட்டல்ல திருப்பி அனுப்பிட்டாங்க.”

20 ஏப்ரல்
அண்ணன் ஓட்டல்களுக்கெல்லாம் விற்றுவிட்டார். எனக்கு மட்டும் ஏன் இருப்புக்கொள்ளவில்லை? வெயில் நாளில்தானே சோதித்தேன்?

9 மே
மூன்று நாளாக மழை, மூடுபனி. சுலைகா மதினி என் பிளக்கைப் பிடுங்கப் போனவள் ஷாக் அடித்துச் சுவரோரம் போய் விழுந்தாள். கை மரத்துக் கெடக்கு. உசுரு தப்புனதே பெருசு. மரத்தூள் — அதுதான் ஈரத்தைக் குடிச்சிருக்கு. இது ஏன் எனக்கு முன்னாடியே தோணல? என்னத்தப் படிச்சேன்?

10 மே
விற்றதைத் திரும்ப வாங்கச் சொன்னேன்.
“சீசன்ல போயி, குடுத்த சாமானப் புடுங்கவா? கடையவே மூடிட்டுப் போகலாம்” என்றார் அண்ணன்.
“மதினிக்கு ஆனது ஓட்டல்ல ஆனா?”
நானே ஓட்டல் ஓட்டலாகப் போய்க் கழற்றி வந்தேன். கடையில் மிச்சமிருந்ததோடு சேர்த்துச் சுத்தியலால் உடைத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

28 மே
அண்ணன் இன்னும் பேசவில்லை.

17 ஜூன்
மரத்தூளுக்குப் பதில் மதுரையிலிருந்து வரவழைத்த மைக்கா என்கிற அப்பிரகப் பொடி. தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துப் பார்த்தேன். மின்கசிவு காட்டும் மீட்டரில் முள் அசையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் பயம். திரும்பவும் ஊறப்போட்டிருக்கிறேன்.

22 ஜூலை
விடாத மழை. அந்த நாளுக்குப் பிறகு மதினி கரிப்பெட்டியில்தான் தேய்க்கிறாள். புதுப் பிளக்கை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கடையிலிருந்து நனைந்து வந்த அண்ணன் என் கையிலிருந்து அதை எடுத்தார். இஸ்திரிப் பெட்டி வயரில் பொருத்தி, சுவரில் சொருகி, ஈரக் கையால் அதைப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார்.
“வேணாங்க!” என்று மதினி கத்தினாள்.
“சும்மா இரு.”
கையை எடுக்கவில்லை. பெட்டி மெல்லச் சூடேறியது. அண்ணன் என்னைப் பார்த்தார். “கடைக்கு எத்தன பண்ணலாம்?” என்றார்.
மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்தாள். “சட்டையக் கழத்துங்க. ஈரத்தோட நிக்காதீங்க.”