பீரோச் சாவி ஜெனிவாவுக்கு வருகிறது

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
18.4.1994

அன்பு மகன் வைகுண்டராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் பசுமாடும் சுகம். உன் பெண்டாட்டி செல்லக்கனியும் சுகம்தான், என்னோடு பேசாமல் சுகமாக இருக்கிறாள். அந்தக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா.

நீ வேலை பார்க்கிற ஜெனிவா ஆபீசில் மனித உரிமைக் கமிஷன் கூடியது என்றும், பேசினவனை எல்லாம் ஜெயிலில் போட்ட ஒரு நாடே அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றும் சிரித்து எழுதியிருந்தாய். இதில் சிரிக்க என்ன இருக்கிறது. நம் தெரு மாதர் சங்கத்தில் தை மாசம் மருமகள்மார் குறை கேட்க ஐந்து பேர் கமிட்டி போட்டோம். ஆவுடையம்மாள்தான் முதலில் கை தூக்கினாள், எழுபத்தெட்டில் ஆடிப்பூரத் தேரன்று மருமகளைத் தொழுவத்தில் வைத்துப் பூட்டினவள். அடுத்தது கருத்தம்மா, பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் மருமகளை நெல் அவிக்க விட்டவள். உன் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் தாண்டிப் போனதும் அவள்தான், நான் மறக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் அதே ரகம். கமிட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் தன் மேல் மனு வராது என்ற எண்ணம் எல்லாருக்கும். தலைவி நான்.

முதல் மனுவே செல்லக்கனி கொடுத்தது, என் பேரில். அவளுக்கும் பிள்ளைக்கும் வந்த பாஸ்போர்ட்டை நான் பீரோவில் பூட்டி இடுப்பில் சாவி வைத்திருக்கிறேனாம், புருசனிடம் போக விடவில்லையாம். தலைவிதான் மனு வாசிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, என் குற்றத்தை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். கரையான் அரிக்கும் என்றுதான் பூட்டினேன். ஆவுடையம்மாள் சும்மா இருக்காமல், சாவியக் குடுத்துருங்க மதினி, பிள்ளை பாவம்லான்னு சொன்னாள். தேரன்னைக்குத் தொழுவச் சாவி யாரு இடுப்புல இருந்துச்சுட்டின்னு ஒரு வார்த்தை கேட்டேன், உட்கார்ந்துவிட்டாள். கருத்தம்மா வாயைத் திறக்கப் போனாள், அப்பளம் என்றேன். பொறவு மனு தள்ளுபடி என்று எழுதச் சொன்னேன்.

அப்போது செல்லக்கனி எழுந்து, கமிஷனைப் பற்றி நீ எழுதின கடிதத்தைச் சபையில் முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, அத்தை, அந்த நாட்டுக்காரவியளும் இப்படித்தான் தள்ளுபடி பண்ணிருப்பாவன்னாள். ஐந்து பேரும் தரையைப் பார்த்தோம். கடைசியில், எந்த மருமகளுக்கும் ஒரு கெடுதலும் செய்யாத ஆள் கையில் சாவி இருக்கட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. தெரு முழுக்கத் தேடியும் அப்படி ஒரு ஆள் அகப்படவில்லை. நாலு வருசமாக ஊரில் இல்லாததால் உன் மேல் ஒரு குறையும் இல்லையாம். ஆகவே சாவி இதோடு ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது, மஞ்சள் துணியில் முடிந்திருக்கிறேன்.

அதைத் தபாலில் திருப்பி அனுப்பாதே, தொலைந்துபோகும். நீயே கொண்டுவந்து திற. ஒரு வாரம் இருந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போ, நான் குறுக்கே நிற்கமாட்டேன், பீரோவுக்கு முன்னால் கிடக்கிற கட்டிலைக்கூட நகர்த்திப் போட்டுவிட்டேன். ஆண்டாள் உன்னைக் காப்பாற்றட்டும். சாவியைச் சட்டைப் பையில் போடாதே, நீ சின்னதிலிருந்தே பை ஓட்டையைக் கவனிக்கமாட்டாய்.

இப்படிக்கு,
உன் அம்மாவும் கமிட்டித் தலைவியுமான
பரிபூரணம்