பக்கத்து வீட்டுப் பாடம்

அன்புள்ள பாப்பு அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்புவும் நன்றாக இருக்கிறோம். அவளுக்கு இன்னொரு கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது. சாப்பிடும்போதெல்லாம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, ஏதோ பெரிய யோசனையில் இருப்பவள் மாதிரி மெல்லுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் திறந்த மாதம் அல்லவா, கண்ணாடி போடச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஃபிரேம் பிடிக்கவில்லை என்று அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று முதலாளி சொல்லிச் சிரிக்கிறார்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, அப்புறம்?" என்பீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு அந்த "சரி சரி" வேண்டாம். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பாப்புவைப் பள்ளிக்கூடம் மாற்றுவது பற்றி மறுபடியும் கேட்டீர்கள். உங்கள் அண்ணன் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் பேசி இடம் பிடித்து வைத்திருக்கிறார். அங்கே எல்லாம் நம்ம ஆட்கள், நம்ம பேச்சு, நல்ல கண்டிப்பு, வாரம் தவறாமல் பரீட்சை. இங்கேயோ ஒரு வகுப்புக்குள் ஏழெட்டு மொழி. சாமி கும்பிடுவதும் ஒவ்வொருவர் ஒரு விதம், கும்பிடாத வீடும் உண்டு. பின்னக் கணக்கு ஒழுங்காகப் போடத் தெரியாத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் முழுக்க 'பக்கத்து வீட்டுப் பாடம்' என்று ஒன்று எதற்கு என நீங்கள் கேட்டீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்தப் பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. டீச்சர் ஒரு கேள்வி கேட்பார். வீட்டுக்கு ஆள் வந்தால் உங்கள் வீட்டில் முதலில் என்ன சொல்வார்கள்? சண்டை போட்ட பிறகு எப்படி ராசியாவீர்கள்? பிள்ளைகள் ஒவ்வொருத்தராக எழுந்து முதலில் தங்கள் வீட்டு மொழியில் சொல்லிக்காட்டி, பிறகு எல்லோருக்கும் புரிகிற மாதிரி விளக்க வேண்டும். மற்றவர்கள் அதைச் சொல்லிப் பழக வேண்டும். பாப்பு பல் தேய்க்கும்போதுகூட ஏதாவது ஒரு மொழியில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள், வாய்ப்பாடு மட்டும் வாயில் வராது. எனக்கு எரிச்சலாக இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்கவும் செய்தேன். டீச்சர் கோபப்படவில்லை. "மார்க்குக்கு நான் பொறுப்பும்மா. ஆனா இந்தப் பசங்க ஒருத்தர ஒருத்தர் தெரியாமலே வளந்துட்டா, அதுக்கு யார் பொறுப்பு?" என்றார். நன்றாகப் பேசுகிறார் என்று நினைத்தேனே தவிர, மனது மாறவில்லை. பள்ளிக்கூடம் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வரை.

மூன்றாம் மாடியில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர் குடும்பம் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் லீவில் வந்தபோது உங்கள் பெரிய பெட்டியைக் கேட்காமலே தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாரே, அவர். அவர் மகள் பாப்புவின் வகுப்புதான். வயதுக்கு மீறிய உயரம் என்பதால் நெட்டை என்று பெயர். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ரொட்டித் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்த மொழி பேசுகிற குடும்பம் இந்த ஊரிலேயே அவர்கள் ஒன்றுதான். சொந்தக்காரர்கள் தொலைவில் இருக்கிறார்கள், உடனே வந்து சேர வழியில்லை. ரொட்டிக் கடை முதலாளியும் கூட வேலை செய்கிறவர்களும் முன்னின்று சாயங்காலத்துக்குள் அடக்கத்தை முடித்தார்கள். அதோடு அவர்களும் போய்விட்டார்கள். மறுநாள் ரொட்டி வேகவேண்டுமே.

நம் கட்டடத்தில் ஒருவரும் மேலே போகவில்லை. மனசில்லாமல் இல்லை. எல்லோரும் படிக்கட்டில் நின்று "ஐயோ பாவம்" என்று உருகிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் போய் என்ன சொல்வது? அந்த அம்மாவுக்கு நம் பேச்சு வராது, நமக்கு அவர்கள் பேச்சு தெரியாது. செருப்பை எங்கே விடுவது, உட்காரலாமா, நிற்க வேண்டுமா, சாப்பாடு கொடுத்தால் வாங்குவார்களா, ஒன்றும் தெரியாது. கீழ்வீட்டு ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், குடியிருப்போர் சங்கச் செயலாளர், அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாம போய் தெரியாத்தனமா ஏதாவது செஞ்சு, நொந்த மனச இன்னும் நோகடிச்சிடக் கூடாது. தனியா விடுறதுதான் மரியாதை" என்றார். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது. நான் மட்டும் ஒரு பாத்திரத்தில் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி வாசலில் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்து போட்டுவிட்டு யாரையும் காணோமே, தூங்குகிறார்களோ என்னவோ என்று நினைத்து, பாத்திரத்தோடு திரும்பி இறங்கிவிட்டேன்.

மறுநாள் பாப்பு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல், "நெட்டை வீட்டுக்குப் போனியாம்மா?" என்று கேட்டாள். வாசல்வரை போனேன், கதவு திறந்து கிடந்தது, யாரையும் காணாமல் திரும்பிவிட்டேன் என்று சொல்லி, அவர்களைத் தனியாக விடுவதுதான் மரியாதை என்று வாத்தியார் சொன்னதையும் அப்படியே ஒப்பித்தேன். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஐயோ, அம்மா! கதவு தொறந்திருந்துச்சா? அப்ப எல்லாரும் வரணும்னு அர்த்தம்!" என்றாள்.

போன வருஷம் ஒரு பையனின் தாத்தா இறந்தபோது, அவனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பிள்ளைகள் விலகி விலகிப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை துக்க வீட்டைப் பற்றியே கேட்டிருக்கிறார். அப்போது நெட்டை எழுந்து சொன்னாளாம். எங்கள் வீட்டில் யாராவது போய்விட்டால் மூன்று நாள் கதவைச் சாத்த மாட்டோம். வருகிறவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது. அழாதே, மனசைத் தேற்றிக்கொள் என்றால், போனவரை மறந்துவிடு என்று சொன்ன மாதிரி. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கள். யாரும் வந்து கேட்காவிட்டால், அப்படி ஒரு ஆள் இருந்ததே இல்லை என்பது போல ஆகிவிடும்.

ஒரு இரவும் ஒரு பகலும் அந்தக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. நாங்கள் இத்தனை பேர் மரியாதை காட்டிக்கொண்டு கீழே நின்றிருக்கிறோம்.

உடனே இரண்டு பேரும் மேலே ஏறினோம். படியில் போகும்போது பாப்பு எனக்கு அவர்கள் மொழியில் அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாறு சொல்தான், ஆனால் நடுவில் ஒரு எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். எனக்கு வரவே இல்லை. "பரவாயில்லம்மா, நான் சொல்றேன். நீ பக்கத்துல உக்காரு போதும்" என்றாள்.

அந்த அம்மா ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நெட்டை, முழங்காலைக் கட்டிக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். பாப்பு போய் நேர் எதிரில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல், மெதுவாக அந்த வாசகத்தைச் சொன்னாள். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பு தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்று நினைத்தேன். பாப்பு கொஞ்சமும் பதறாமல் இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம்தான் அவர் வாயைத் திறந்தார். திறந்தவர் நிறுத்தவில்லை.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நெட்டைதான் தன் அப்பாவின் கதையைத் தானே எங்களுக்கு எடுத்துச் சொன்னாள். நடுநடுவே "அன்னைக்கு இல்லம்மா, அது மழை பெஞ்ச அன்னைக்கு" என்கிற மாதிரி அம்மாவைத் திருத்தவும் செய்தாள். அவருக்குப் பாட்டு என்றால் உயிராம். குரல் மட்டும் கிடையாது. வண்டியில் தனியாகப் போகும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடுவாராம். ஒருநாள் ஏற்ற மறந்து சிக்னலில் பாட, பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, பஸ்ஸே எனக்குக் கை தட்டியது என்று பெருமையாகச் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்துவிட்டேனே என்று வாயைப் பொத்தினேன். பாப்பு என் காதில், "சிரிக்கலாம்மா. இங்க சிரிச்சா அவங்களுக்கு சந்தோஷம்" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு வாத்தியார் என்ன அக்கிரமம் இது என்று வேகமாக ஏறி வந்தார். வாசலில் நின்றவரிடம் பாப்பு எழுந்துபோய் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெரிய மனுஷனை மெச்ச வேண்டும், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உள்ளே வந்து, அந்த முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார். பிறகு தானாகவே ஒன்று சொன்னார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் சூடாக ஒரு ரொட்டி இருக்குமாம். யார் வைத்தது என்று ரொட்டி வண்டிக்காரரிடம் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாராம். நெட்டை அதைத் தன் மொழியில் அம்மாவுக்குச் சொன்னாள். அந்த அம்மாவுக்கே அது தெரியாது. வாத்தியார் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இவர் இன்னொரு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு கட்டடமே ஏறி வந்தது. மறுநாள் டீச்சரும் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் மாடிப்படி வரை உட்கார்ந்தார்கள். எல்லோரும் அந்த ஒரு வாசகத்தை ஆளுக்கொரு உச்சரிப்பில் சொன்னார்கள். தன்னை யாருக்கும் தெரியாத ஊர் என்று நினைத்திருந்ததாக அந்த அம்மா நெட்டை மூலமாக டீச்சரிடம் சொன்னாராம். ரொட்டிக் கடையிலேயே அவருக்கு ஒரு வேலை போட்டுத் தருவதாகப் பேச்சு நடக்கிறது. நெட்டை திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் முடிவு கேட்க வந்தார். டீ கொடுத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துக்க வீட்டுல எப்படி உக்காரணும்னு தெரிஞ்சா நாளைக்கு வேலை கெடைச்சிடுமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நம் நன்மைக்குத்தான் அலைகிறார். ஆனாலும் பாப்பு இந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு மனவருத்தம்தான், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். நீங்கள் ஒரு வார்த்தை அவரிடம் பேசிச் சமாதானப்படுத்துங்கள். உங்களைக் கேட்காமல் நான் முடிவு செய்தது உங்களுக்கும் கோபமாக இருந்தால் என்மேல் காட்டுங்கள், பிள்ளைமேல் வேண்டாம். பின்னக் கணக்குக்கு வாத்தியார் தினமும் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். பாப்புவும் நெட்டையும் சேர்ந்தே போகிறார்கள். அழுதுகொண்டு போய்ச் சிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உங்களோடு வேலை பார்க்கிற வெல்டர் லீவில் வந்தவர், கண்ணாடி மாற்ற நேற்று கடைக்கு வந்தார். மூன்று நாள் நீங்கள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தீர்களாமே. போனில் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரே அறையில் கூட மூன்று பேர் இருந்தும், அவர்கள் பேச்சு உங்களுக்குத் தெரியாது என்று, தண்ணீர்கூடக் கேட்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள் என்றார். அவர்களும் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விலகியே இருந்தார்களாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கிரேன் மேல் ஏறும்போது தலை சுற்றினால் வீம்பு பார்க்காமல் இறங்கிவிடுங்கள். அந்த மூன்று பேரின் பெயரையும், அவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர்களிடம் நம்மைப் பற்றியும் சொல்லுங்கள். உங்களுக்குப் பேச்சு வராவிட்டால் பரவாயில்லை, பாப்புவின் போட்டோவைக் காட்டினால் போதும், மற்றதை அவர்கள் கேட்பார்கள். ஏதாவது ஒன்று என்றால், யாரையாவது, எந்தப் பேச்சிலாவது, கூப்பிடுங்கள். தனியாகப் படுத்திருக்காதீர்கள்.

உங்கள் வரவை எண்ணிக்கொண்டிருக்கும்,
பாப்பு அம்மா