கார்டியன்: நளீம்

கம்பளை
2024 ஜூலை 7

அன்புள்ள சாச்சாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் உம்மா உங்கள் பக்கத்திலேயே நிற்பா. அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை ஃபாதருக்கும் கார்டியனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். ஃபாதர் பெற்றவர், கார்டியன் பொறுப்பெடுத்துப் பார்ப்பவர் என்று சொல்லிக் கொடுத்தேன். என் பழைய பள்ளிக்கூட ஃபோர்ம்கள் ஞாபகம் வந்தன. ஃபாதர் என்ற கோட்டில் முபீன் என்று வெறும் பெயர். கார்டியன் என்ற கோட்டில் உங்கள் கையெழுத்து. உம்மாவை நீங்கள் கலியாணம் முடித்தபோது நாலு வயதில் உங்கள் கைக்கு வந்தவள் நான். ஒரு ஃபோர்முக்கும் நீங்கள் பிந்தியதில்லை.

என் கலியாணத்தில் என்னை நிக்காஹ் செய்து கொடுக்க, பெண் பக்கத்தில் பொறுப்பாக நிற்கும் வலீ வேண்டும். அந்த இடத்தில் நீங்கள்தான் இருக்க வேண்டும். அக்கரைப்பற்றில் இருக்கும் பெற்றவரிடம் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பெருநாளைக்காவது வந்து பார்த்தாரா?

உங்கள் பஸ்னா

*

சாய்ந்தமருது
2024 ஜூலை 15

மகள் பஸ்னாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை வட்டையில், வயல் வரம்பில் இருந்துதான் படித்தேன். வீட்டில் உன் உம்மாவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

நீ படிப்பித்தது சரி. ஆனால் வலீ என்பது ஃபாதருடைய இடம். பெற்ற வாப்பா உயிரோடு இருக்க, நானாகப் போய் அதில் இருந்தால் நிக்காஹ் செல்லாது. உன் வாழ்க்கையைச் சந்தேகத்தோடு தொடங்க விடமாட்டேன். எனக்கு ஆசை இல்லையென்று மட்டும் நினைக்காதே. நிறைய இருக்கிறது.

நானே போய் அவரிடம் கேட்கிறேன். சம்மதமா?

நளீம் சாச்சா

*

கம்பளை
2024 ஜூலை 22

சாச்சா,

மூன்று நாள் கோபத்தில் பதில் எழுதவில்லை. உம்மாவை விட்டுப் போனவருடைய வாசலில் எனக்காக நீங்கள் நிற்பதை நினைக்கவே நெஞ்சு எரிகிறது. ஓம், போங்கள். அவர் மறுத்தால் என்னிடம் மறைக்கக் கூடாது.

பஸ்னா

*

சாய்ந்தமருது
2024 ஆகஸ்ட் 2

என் மகளுக்கு,

போய் வந்தேன். நெல் வெட்டு மெஷினை வட்டையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன் என்று உம்மா இன்னும் ஏசுகிறா.

முபீனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். உன் படம் கேட்டார். என் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் வந்து வலீயாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். போனைத் திருப்பித் தந்துவிட்டுச் சொன்னார்:

"வளர்த்த நீங்க இரிக்கக்குள்ள நான் எந்த மொகத்தோட அந்தச் சபையில குந்துற? உங்களுக்கே வக்காலத்துத் தாறன். நீங்களே முடிச்சுக் குடுங்க."

அவருக்குப் பதிலாக நான் உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கலாம். மார்க்கத்தில் அதற்கு இடம் உண்டு என்று பள்ளிவாசலிலும் கேட்டுக்கொண்டேன். இரண்டு சாட்சி வைத்து எழுதித் தந்தார். உன் கோபத்தை விடச் சொல்ல மாட்டேன். என்னுடையதில் பாதி அங்கேயே போய்விட்டது.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "முபீனுடைய மகள் பஸ்னாவை" என்று சபையில் நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்வேன், உண்மைதானே. நீ மட்டும் உள்ளறையில் அழாமல் இரு. உன் அழுகை காதில் விழுந்தால் எனக்கு அடுத்த வார்த்தை வராது.

நளீம் சாச்சா