யாரும் போடாத பழசு

நவம்பர் 12, புதன்

எழுந்ததும் முதல் வேலை, பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தது. ஒரு வாரமாக விடாத மழை. பயந்தபடியே பூஞ்சை வாடை. பால் காய்ச்சுவதற்கு முன்பே நூலையெல்லாம் அள்ளிக்கொண்டு பின்வாசலுக்கு. இன்று வெயில். நம்ப முடியாத வெயில்.

கொடி, கட்டில், துவைக்கிற கல், எல்லாவற்றிலும் நூல். வெளியே வந்தவை:

மெரூன் உல்லன், ஒன்பது கண்டு. இவருக்கு ஸ்வெட்டர் பின்ன வாங்கியது. நெய்வேலியில் ஸ்வெட்டர்!
வெள்ளை காட்டன். மேஜை விரிப்பு பாதியில் நிற்கிறது, ஊசியும் அதிலேயே.
ஊதா, ஐந்து வகை. கடையில் ஒவ்வொன்றும் வேறு நிறமாகத்தான் தெரிந்தது.
ஆன்லைனில் வாங்கிய பெட்டி. எதற்கென்று வாங்கினேன் என்று நினைவில்லை. அவ்வப்போது திறந்து தொட்டுப் பார்த்து மூடுவதற்குத்தான் போலிருக்கிறது.

இருப்பதை முடிக்கும்வரை ஒரு கண்டுகூட வாங்குவதில்லை என்று பொங்கலன்று எடுத்த முடிவு. மாசி தாண்டவில்லை.

வேலைக்கு வந்த அஞ்சலை பின்கதவிலேயே நின்றுவிட்டாள். "இன்னாக்கா, வூட்டுக்குள்ளயே கடை வெச்சிகினு இருக்கீங்க? போணி ஆச்சா?"

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த மஞ்சள் செட்டையும் எடுத்தேன். எடுக்க வேண்டாமென்றுதான் நினைத்தேன். அதிலும் பூஞ்சை ஏறினால் என்ன செய்வது? ஸ்வெட்டர், குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ். அந்துருண்டை வாசனை.

இவருக்கு மதிய ஷிப்ட். பல் துலக்கிக்கொண்டே வந்தவர் குல்லாவைப் பார்த்தார். கொடியிலிருந்து எடுத்து, மூடிய கையில் மாட்டினார். சரியாக இருந்தது. மறுபடி கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் நிவேதா வேலியோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு பெங்களூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். டாக்டர் நடக்கச் சொன்னதைவிட அதிகமாகவே நடக்கிறாள்.

"உமாம்மா, அந்த மஞ்சள்! எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க இத்தனை நாளா?"
"பழசுடி."
"எனக்கு ஞாபகம் இருக்கு. நான் மூணாவது படிக்கறப்ப நீங்க பின்னுனது. நூல்கண்டு உருண்டு ஓடாம நான்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

அப்புறம் சட்டென்று, "என் பாப்பாவுக்கு முதல்ல இதைத்தான் போடணும். வேற எதையும் போட விடமாட்டேன்."

உள்ளே போய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். ஸ்வெட்டரில் ஒரு பட்டன் விரிசல் விட்டிருக்கிறது. பட்டன் வாங்க பண்ருட்டி. பட்டன் மட்டும்.

கடைக்காரர்: "வாங்க மேடம். ஆளையே காணோம், குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டீங்களோன்னு நெனச்சேன்."
"பட்டன் மட்டும்தாங்க."
"பட்டன் மட்டும்தான். நானும் வேற எதையும் எடுத்துக் காட்ட மாட்டேன். நீங்களும் அந்த மேல்தட்டைப் பாக்காதீங்க, நேத்துதான் வந்துச்சு."

பார்த்தேன். பிஸ்தா பச்சை. கையில் வாங்கியதும் முடிந்தது கதை. கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தேன், கடையில் ஆட்கள் இருக்கும்போதே.

மஞ்சள் நூல் துண்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன், இதே நிறம் கிடைக்குமா என்று கேட்க. விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "இது இப்ப வர்றதே இல்லைங்க. எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான்."

பச்சையைக் கத்திரிக்காய்ப் பைக்குள் தள்ளிக்கொண்டு வந்தேன். இவர் பையைத் திறந்து பார்த்து, "இந்த வருஷம் கத்திரிக்கா நல்ல மெத்துனு இருக்கு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பட்டன் தைத்தாயிற்று. வெள்ளை, நடுவில் சின்னப் பூ.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. சமையலறைக் கூரையில் பழைய இடத்திலேயே ஒழுகல். கம்ப்ளெய்ன்ட் எழுத வேண்டும்.

சாந்தி வந்தாள். நிவேதாவின் அம்மா என்று பெயர்தான், எனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி. கொழுக்கட்டைத் தட்டோடு வந்தபோதே ஏதோ சொல்ல வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதே உமா. அவ அந்த மஞ்சள் செட்டையே சொல்லிக்கிட்டிருக்கா."
"குழந்தைத்தனமா சொல்றா."
"புதுசை முதல்ல போடக் கூடாதுல்ல. நல்லா வளர்ற குழந்தை போட்ட பழசைத்தானே முதல்ல போடுறது."
"இது பழசுதானே சாந்தி."
"யாரும் போடலையேடி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கொழுக்கட்டையை என் பக்கம் தள்ளினாள். "சூடு ஆறிடப் போவுது."

ஏழாம் மாதத்தில் எல்லாம் முடிந்துபோன அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள். "பொறக்கறதுக்கு முன்னாடியே சட்டை பின்னி வெச்சா தங்குமா?" என்று மாமியார் எல்லார் முன்னாலும் கேட்டபோது, செட்டை எடுத்துப்போய்த் தன் வீட்டில் ஒளித்துவைத்தவளும் இவளே. அவர்கள் ஊருக்குப் போனதும் திருப்பிக் கொடுத்தாள். அதனால் அவள் பயம் எனக்குப் புரிகிறது. போன மாதம் வளைகாப்புக்கு, "சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடு" என்றாளே, அதுவும் புரிந்தது. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போனேன். புரிவதால் வலிக்காமல் இருப்பதில்லை.

"யாராவது நல்ல குழந்தைக்கு ரெண்டு நாள் போட்டு வாங்கித் தரேன். அப்ப சரியா?" என்றேன். ஏன் கேட்டேன், தெரியவில்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது என் குரல்.

கொஞ்சம் யோசித்து, "அப்ப சரி" என்றாள். முகம் தெளிந்தது.

அவள் போனதும் அஞ்சலை மாப்பைச் சுவரில் சாத்தினாள். "எதுக்குக்கா ஊரெல்லாம் தேடணும்? செல்வி புள்ள இருக்கான்ல. குடுங்க, போட்டு ஒழப்பித் தரேன். அவன் ஒரு நாள் போட்டா போதும், பத்து வருசப் பழசு ஆயிடும்."

செல்வி அவள் தங்கை. பக்கத்துக் கிராமம் வடக்குத்தில் அஞ்சலை வீட்டில்தான் இருக்கிறாள். பையனுக்கு இப்போதுதான் ஒரு மாதம்.

நவம்பர் 18, செவ்வாய்

அஞ்சலையிடம் செட்டைக் கொடுத்தாயிற்று. வெந்நீரில் போடாதே, முறுக்கிப் பிழியாதே, கொடியில் தொங்கவிடாதே, விரித்துப் போட்டுக் காயவை என்று அடுக்கினேன்.

"இத்தினி சட்டம் எங்க புள்ளைக்கே இல்லக்கா."

கீழ்த்தட்டில் காலி பிளாஸ்டிக் உறை. மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு அந்துருண்டை, கடுகு அளவுக்குத் தேய்ந்து.

வெள்ளை விரிப்பில் நான்கு வரிசை. கை ஓடவில்லை. பிரித்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

அஞ்சலை இரண்டு நாளாக வரவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் என்று போன் செய்திருந்தாள். பால் பவுடர், பழைய போர்வை, குல்லாவுக்குப் புது நாடா எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வடக்குத்து. நாடாவுக்கு அவசரமே இல்லை. குழந்தையைப் பார்க்கத்தான் போனேன். இங்கேயாவது அதை எழுதிவைக்கலாம்.

முன்னறையில் தண்ணீர் வடிந்து சேறு. உள்ளே கட்டிலில் செல்வி. மடியில் மஞ்சள்.

இத்தனை வருடம் தட்டையாக மடிந்து கிடந்த துணி. அதற்குள் ஒரு வயிறு ஏறி இறங்குகிறது.

"புடிங்கக்கா" என்று கையில் கொடுத்துவிட்டாள். கை கழுவினாயா, குழந்தை பிடித்துப் பழக்கம் உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. கனம். எதிர்பார்க்காத கனம். முன்பக்கம் பால் கக்கிய கறை. தேங்காய் எண்ணெய் வாசனை.

இடது தோளில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. எத்தனை முறை விரித்துப் பார்த்திருக்கிறேன், இதுவரை கண்ணில் பட்டதே இல்லை. உள்ளே ஒரு தோள் இருந்தால்தான் தெரிகிற பிழை.

"கயட்டினா அழுவுறான்க்கா. அந்தக் குல்லா இல்லாம தூங்க மாட்டேங்கிறான்" என்றாள் செல்வி.
அஞ்சலை: "தொர வூட்டுப் புள்ள. இவன் போட்டுப் பழசாக்கித்தான் குவார்ட்டர்ஸ் பாப்பாவுக்குப் போகப் போவுதுன்னு தெரு பூரா சொல்லிகினு இருக்கா இவ."
"சொன்னா இன்னா? உள்ளதைத்தான சொல்றேன்."

அவனுக்கு அளவு இப்போதே சிறிது. கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. பிறந்த குழந்தைக்கென்று அளவெடுத்தது. அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரிந்திருக்கவில்லை, அப்போது.

திரும்பும்போது ஆட்டோவில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்காமலே ஓரமாக நகர்ந்து இடம் விட்டார்.

நவம்பர் 25, செவ்வாய்

நிவேதாவுக்கு நேற்று பெண் குழந்தை. சுகப்பிரசவம். இவர் ஷிப்ட் முடிந்து நேராக ஸ்வீட் கடைக்குப் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார், நமக்கே பிறந்த மாதிரி.

இன்று ஆஸ்பத்திரி. குழந்தை வெளுத்த நீலச் சட்டையில். சாந்தியின் அக்கா விருத்தாசலத்திலிருந்து கொடுத்தனுப்பியதாம். நல்ல நிறம். நிவேதா மாதிரியே முன்நெற்றி.

"எங்க என் மஞ்சள்?" நிவேதாவின் முதல் கேள்வி.
"நாளன்னைக்கு வந்துடும்டா."

சாந்தி பிளாஸ்க்கோடு வெளியே வந்தாள், நானும் கூடவே. கேன்டீன் வரிசையில் நின்றபோது கேட்டாள்.

"யார் வீட்டுக் குழந்தை போட்டிருக்கு?"
"நம்ம அஞ்சலை தங்கச்சி பையன். ஒரு மாசம்தான் ஆவுது, கொழுகொழுன்னு இருக்கான்."
"வடக்குத்துலயா?"
"ஆமா."

பிளாஸ்க் மூடியைத் திருகினாள். மூடித்தான் இருந்தது அது.

"நீ சொல்லவே இல்லையேடி."
"நல்லா வளர்ற குழந்தைன்னுதானே கேட்டே?"
"நான் தெரிஞ்சவங்க வீட்டுக் குழந்தைன்னு நெனச்சேன்."
"அஞ்சலையை உனக்குத் தெரியாதா? உங்க வீட்டுலதான் பாத்திரம் தேய்ச்சு முடிச்சுட்டு எங்க வீட்டுக்கு வர்றா."
"எனக்கொண்ணும் இல்லடி உமா. டெட்டால்ல போட்டு எடுத்தா... இல்ல, வேணாம். மாப்பிள்ளை வீட்டுல யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

வரிசை நகர்ந்தது. பால் வாங்கினோம். சில்லறை இல்லை என்றார்கள், நான் கொடுத்தேன். திரும்பி வந்து, "பாப்பாவைத் தூக்கிக்கறியா?" என்று சாந்தியே கேட்டாள். தூக்கிக்கொண்டேன். மிகவும் லேசாக இருந்தாள்.

என்னைத் துக்கத்திலிருந்து பிடித்து நிறுத்திய அதே கை. அதே விரல்கள். எப்படி இரண்டும் ஒரே ஆளிடம்?

எனக்கும்தான் அஞ்சலைக்கென்று தனி டம்ளர் இருக்கிறது, ஜன்னலோரம். இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

நவம்பர் 27, வியாழன்

மூட்டம். மழை இல்லை. அஞ்சலை காலையிலேயே செட்டோடு வந்தாள். துணிக்கடைக் கவரில், நான் மடிப்பதைவிட நேர்த்தியாக மடித்து.

"ரெண்டு தபா அலசியாச்சுக்கா. நீங்க சொன்ன மாதிரியே முறுக்கல. வெயிலே இல்ல, செல்விதான் அடுப்பாண்ட முறத்துல விரிச்சுப் போட்டுக் காய வெச்சா. பட்டன் ஒண்ணு தளர்ந்துச்சு, தெச்சிருக்கா."

கறுப்பு நூலில் தைத்திருக்கிறாள். என் வெள்ளைப் பூ பட்டன்.

"பய கத்துனான் பாருங்க கயட்டும்போது. பாப்பாவுக்குப் போட்டதும் செல்லுல ஒரு போட்டோ எடுத்து அனுப்புவீங்களாம், செல்வி கேட்டா."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல? அவளுக்கு டீ போட்டேன். எங்கள் டம்ளரில். அவள் கவனித்தாளா தெரியவில்லை. "சக்கரை தூக்கலா இருக்குக்கா" என்றாள்.

அவள் போன பிறகு செட்டைப் பழைய உறைக்குள் வைத்துப் பார்த்தேன். அடுப்புப் புகை வாசனையும் பால் வாசனையும். அந்துருண்டையோடு ஒட்டவில்லை. வெளியே எடுத்துவிட்டேன்.

நிவேதாவிடமிருந்து மெசேஜ்: "உமாம்மா, மஞ்சள்???" கூடவே மூன்று இதயம்.

கைப்பக்க ஓரத்தில் கடைசிக் கண்ணியைத் தேடினேன். கிடைத்தது. குரோஷா ஊசிப் பின்னலில் இது ஒரு வசதி, முடித்த இடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். பிரிக்க வேண்டியதில்லை. மஞ்சள் இனி கிடைக்காது. பிஸ்தா பச்சை இருக்கிறது.

இரண்டு கைக்கும் எட்டு வரிசை, கீழே பத்து, குல்லாவுக்கு நாலு. பொங்கல் வரை தாங்கும். அப்புறம் மறுபடி கூட்டிக்கொள்ளலாம், ஊதா நிறைய இருக்கிறது. கறுப்பு நூல் அப்படியே இருக்கட்டும். தோளில் விட்டுப்போன கண்ணியும்.

நிவேதா கேட்டால், அதை ஒருவன் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்வேன். செல்வியிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. போட்டோ கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வடக்குத்து. செட் அவனுக்குத்தான், திரும்ப வாங்கிக்கொள்ள அல்ல. சாந்தியிடம் சொல்லவில்லை. இவரிடமும் இன்னும் இல்லை. வலது கையில் முதல் வரிசை ஆரம்பித்தாயிற்று.