குழிக்குள் கோடாலித் தடம்

செவ்வாய், இரவு.

வாவிக்கரைக் கடையில் இன்று என் மரக்கரண்டிகளோடு வேறு கரண்டிகளும் கிடந்தன. எல்லாம் மெஷினில் செய்தவை. கையால் செதுக்கியதுபோலத் தெரியட்டும் என்று எவனோ கோடாலியால் கொத்தியிருந்தான். மடையன், குழிக்குள்ளும் கொத்தியிருக்கிறான். குழியை வளைந்த கத்தியால்தான் குடைவோம். அங்கே கோடாலிக்கு வேலையே இல்லை.

"யாரு கொண்டாந்து குடுத்தது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"ஒங்க மச்சான் சிவாதான். நீங்க செஞ்சதுன்னு சொன்னாரே?"

சிவா என் தங்கச்சி புருஷன். என் கரண்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகிறவன். போன வாரம் வீட்டுக்கு வந்து, "வெறகு பொளக்கணும் மச்சான், ஒங்க கோடாலியக் குடுங்க" என்றான்.

கரண்டி செதுக்கும் கோடாலியை நான் விறகுக்குக் கொடுப்பதில்லை. தங்கச்சி வீட்டு அடுப்பாயிற்றே என்று கொடுத்தேன். மழுங்கியிருந்தது. சிரமப்படுவானே என்று நானே தீட்டியும் கொடுத்தேன்.