லாரி கிளம்பும்போது நாய் எங்கே இருந்தது

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் தனக்குத் தோன்றுகிறபோது சுகமாக இருக்கிறது. நீயும் சுகமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், போனில் கேட்டால் "ம்" என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறாய், அதை வைத்துக்கொண்டு அம்மா இரண்டு நாள் ஆராய்ச்சி செய்கிறாள், இது சாப்பிட்ட "ம்" தானா, சாப்பிடாத "ம்" தானா என்று. உன் சித்தி உடம்பைக் குறைக்க ஓடும் இயந்திரம் ஒன்று வாங்கி முன்னறையில் வைத்தாள், இப்போது அதில் ஈரத்துணி காய்கிறது. நம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிசெய்கிற மனுஷருக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படவில்லையா என்று அம்மா தினமும் கேட்கிறாள், நானும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று தினமும் சொல்கிறேன். ஆனால் கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில் இல்லை. எங்கே போனேன், என்ன கண்டுபிடித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

போன மாதம் நீ பேசியபோது சொன்னாயே, நீ எழுதிய நாய், கழுதைக்குட்டி படத்தை வெளியிடுவதற்கு முன்னால் நாலைந்து ஊர்களில் காலைக் காட்சியாக ஓட்டிப் பார்க்கிறார்கள், முதல் பாதியில் விழுந்து விழுந்து சிரிக்கிற பிள்ளைகள் இரண்டாம் பாதியில் நெளிகிறார்கள் என்று. ஒரே ஒரு காட்சி மட்டும் புதிதாக எடுக்கக் கம்பெனி சம்மதித்திருக்கிறது, வருகிற இருபத்தைந்தாம் தேதிக்குள் நீ எழுதிக் கொடுக்காவிட்டால் வேறு ஆளை உட்கார வைத்துக் கதையையே மாற்றிவிடுவார்கள் என்றாய். மூன்று வருட உழைப்பு அது. "எங்கயோ நின்னுடுதுப்பா, எங்கன்னுதான் தெரியல" என்று நீ சொன்ன குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. சினிமாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவில் நின்றுபோகிற ஒன்றைப் பற்றி இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். அதனால் நம் ஊரில் படம் ஓடுகிற தியேட்டருக்குப் போனேன்.

முதல் வாரம் எல்லாரையும் போல முன்னால் பார்த்து உட்கார்ந்தேன். ஒன்றும் புரியவில்லை, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, என் மகள் எழுதியது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன், அவர் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வரும்போதுதான் என் தப்பு புரிந்தது. ஒரு லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது என்றால் நான் முதலில் லிஃப்டைப் பார்ப்பதில்லை, அதில் தினமும் போகிறவர்களைப் பார்ப்பேன். எந்த மாடி வரும்போது கை தானாகச் சுவரைப் பிடிக்கிறது, எங்கே பேச்சை நிறுத்துகிறார்கள் என்று. அதனால் அடுத்த வாரம் திரைக்குப் பக்கத்தில் இருக்கிற படியில், படத்துக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். டிக்கெட் கிழிக்கிற அம்மா வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

கையில் லிஃப்ட் பரிசோதனைப் படிவம் ஒன்று வைத்திருந்தேன், சிரிக்காதே. உன் படம் நூறு நிமிடம், மாடிக்குப் பத்து நிமிடம் என்று தரைத்தளத்திலிருந்து ஒன்பதாம் மாடிவரை பிரித்துக்கொண்டேன். தரைத்தளத்தில் மரக்கடைக் காவல் நாய் கழுதைக்குட்டியைக் கண்டாலே விரட்டுகிறது. முதல் மாடியில் குட்டி நாயின் தண்ணீர்ச் சட்டியில் வாயை வைக்கிறது. மூன்றாம் மாடியில் மழை, இரண்டும் ஒரே தார்ப்பாயின் கீழே ஒண்டுகின்றன, குட்டி நாயின் முதுகில் தலையைச் சாய்க்கிறது, நாய் உறுமிக்கொண்டே நகராமல் இருக்கிறது, அங்கே ஒரு பிள்ளைகூட மிட்டாய்த் தாளைப் பிரிக்கவில்லை. ஐந்தாம் மாடியில் மரக்கடைக்காரர் குட்டியை விற்றுவிடுகிறார், லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். ஆறில் குட்டி புது இடத்தில் தவிக்கிறது, ஏழில் நாய் மரக்கடை கேட்டில் படுத்தே கிடக்கிறது, எட்டில் நாய் தேடிக் கிளம்புகிறது, ஒன்பதில் சந்திப்பு. நெளிவது ஏழாம் மாடியில். எட்டில் நாய் கிளம்பும்போது கை தட்ட வேண்டிய பிள்ளைகள் வரிசையாகக் கழிப்பறைக்குப் போகிறார்கள். நீயும் கம்பெனியும் அந்த ஏழாம் மாடியைத்தானே இரண்டு மாதமாகக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள், வெட்டிப் பார்த்தோம், பாட்டு வைத்துப் பார்த்தோம் என்றாயே. என் தொழிலில் அடிக்கடி பார்ப்பது இது. கோளாறு ஒரு மாடிக் கதவில் இருக்கும், லிஃப்ட் நிற்பது வேறெங்கோ இருக்கும், புதிதாக வேலைக்கு வந்தவன் நின்ற இடத்தையே நோண்டிக்கொண்டிருப்பான்.

மூன்றாம் வாரம், இரண்டும் பிரிகிற ஐந்தாம் மாடியை மட்டும் கவனித்தேன். லாரி கிளம்பியதும் பிள்ளைகள் கழுத்தை நீட்டினார்கள், ஒன்றிரண்டு அல்ல, கூடம் முழுக்க. திரையின் ஓரங்களில் எதையோ தேடினார்கள். முன் வரிசையில் ஒரு வாண்டு, "நாய் எங்கம்மா? டாட்டா சொல்ல வரலையா?" என்று கேட்டேவிட்டாள். டிக்கெட் கிழிக்கிற அம்மாவிடம் சொன்னேன், ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடத்தில் யாராவது ஒருத்தர் இதைக் கேட்கிறார்கள் என்றார். திரும்பிப் பார்த்தேன், உண்மைதான். லாரி இருக்கிறது, மரக்கடைக்காரர் இருக்கிறார், புழுதி இருக்கிறது, அடுத்த நாள் நாய் கேட்டில் கிடக்கிறது, அந்த நேரத்தில் மட்டும் நாய் இல்லை. பிள்ளைகளுக்கு அதன்மேல் கோபம். வழியனுப்பக்கூட வராத நாய் கேட்டில் கிடந்தால் என்ன, ஊர் ஊராக அலைந்தால்தான் என்ன. அதோடு அவர்கள் மனம் விட்டுப்போகிறது.

கண்டுபிடித்துவிட்ட பெருமையில் மருந்துக்கடையிலிருந்து அம்மா வரும்வரை வாசலிலேயே காத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். இவ்வளவு கெட்டிக்காரி எப்படி இதை விட்டாள் என்று கேட்டதற்கு, அம்மா பையை இறக்கி வைத்தபடி சாதாரணமாகச் சொன்னாள், "அவ கிளம்பினன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்க. அங்க இல்லாத ஆளை அவ எப்படி எழுதுவா?" நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், புரையேறிவிட்டது. உன்னைச் சின்ன வயதில் கழுதை, கழுதை என்று கூப்பிட்டவன் நான். சினிமாவுக்கு எழுதப் போகிறேன் என்று நீ சொன்னதும் குரைத்தவனும் நான்தான், நீ கிளம்பும்முன் கடைசி இரண்டு வாரம் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. மூன்று வாரம் தியேட்டரில் உட்கார்ந்து அந்த நாயை ஆராய்ச்சி செய்திருக்கிறேன், அது யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார்.

அதனால் விட்டுப்போனதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு மணிக்கு அழைத்தது உண்மை. லிஃப்டை எட்டுக்குள் சரிசெய்துவிட்டேன், ஒரு ஃபியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். உன் பஸ் ஒன்பது மணிக்கு. நடந்து வந்தால் பத்து நிமிடம். நான் வரவில்லை. ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறையின் ஜன்னலிலிருந்து பஸ் நிலையம் தெரியும், அங்கே நின்றுகொண்டேன். நீ அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டுத் தெரு முனைக்கு வந்து பார்த்தாய், ஏறப் போனாய், திரும்ப வந்து பார்த்தாய், இப்படி நாலு தடவை. கோபம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்குக் கோபம் எப்போதோ போய்விட்டது. உன்னைப் பார்த்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன், சொன்னால் நீ நின்றுவிடுவாய், அந்தப் பயம்தான். பஸ் நகர்ந்ததும் தாங்கவில்லை. என் கையால் சரிசெய்த லிஃப்ட் அங்கே தயாராக நிற்கிறது, அதற்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஒன்பது மாடியும் படியிலேயே ஓடி இறங்கினேன். வாசலுக்கு வரும்போது உன் பஸ் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நீ அந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்தாய். ஸ்பானரோடு நடுத்தெருவில் நின்று கையசைத்தேன், ஆட்டோக்காரர் ஒருவர் தன்னைக் கூப்பிடுகிறேன் என்று வந்து நின்றார். அவர் எதிரிலேயே அழுதேன்.

நாயை மர அடுக்கின் உச்சியில் நிறுத்து. அங்கிருந்து அது பார்க்கட்டும், இறங்கி ஓடி வரட்டும், வந்து சேர லேட்டாகட்டும். குட்டிக்கு அது தெரிய வேண்டாம், எழுதுகிறவளுக்குத் தெரிந்தால் போதும். அது சரிப்படாது என்று உனக்குத் தோன்றினால் தூக்கிப் போட்டுவிடு, நான் லிஃப்ட்காரன்.

நேரத்துக்குச் சாப்பிடு, முதுகை வளைத்து உட்காராதே. நீ நினைத்ததெல்லாம் நினைத்தபடி வரட்டும், நன்றாக இரு. இருபத்தைந்தாம் தேதியை மறக்காதே. அம்மாவுக்கு இன்றுவரை நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகத்தான் தெரியும், நீயும் போனில் உளறிவிடாதே. படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

வழியனுப்ப வந்தும் வராத
உன் அப்பா